பீங்கான் எப்போது பீங்கான் ஆனது?

சமையலறையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து மேசைமேல் வையுங்கள்: ஒரு மண்சட்டி, பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று, ஒரு வெள்ளைக் கோப்பை. மூன்றும் மண்தான், மூன்றும் சூளையில் வெந்தவைதான். விரல் நகத்தால் ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். சட்டி மொத்தையாக ‘டொக்’ என்னும். ஜாடி ‘டக்’ என்று கொஞ்சம் கெட்டியாகப் பேசும். கோப்பை நல்லதாக இருந்தால் ‘டிங்’ என்று மணிபோல இழுத்து ஒலிக்கும். அப்புறம் மூன்றையும் கவிழ்த்து, பூச்சு இல்லாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டி குடித்துவிடும். மற்ற இரண்டிலும் சொட்டு அப்படியே நிற்கும். கடைசியாக, கோப்பைக்குள் செல்போன் டார்ச்சை அடித்து வெளியிலிருந்து பாருங்கள். சுவர் வழியாக வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் அது அசல் பீங்கான். தெரியாவிட்டால் பெரும்பாலும் வெள்ளைப் பூச்சுப் பூசிய வேறு ஏதோ ஒன்று. கடையில் பீங்கான் என்று விற்கும் பல கோப்பைகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். (நான் கடையிலேயே சுண்டிப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் மாறும். பரவாயில்லை.)

சட்டியிலிருந்து ஜாடிக்கும், ஜாடியிலிருந்து கோப்பைக்கும் வந்து சேர மனிதருக்கு எவ்வளவு காலம் பிடித்தது? சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் ஷியான்ரென்தொங் என்ற குகையில் கிடைத்த பானை ஓடுகள் சுமார் 20,000 ஆண்டு பழையவை. உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய பானைகளில் அவையும் சேரும். எல்லோரும் மறுபேச்சில்லாமல் பீங்கான் என்று ஒப்புக்கொள்ளும் பொருள் வந்ததோ சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்புதான். இன்னார் கண்டுபிடித்தார், இந்த ஆண்டில் கண்டுபிடித்தார் என்று சொல்ல ஒரு பெயரும் கிடையாது. யாரும் அதைத் தேடிப் போகவும் இல்லை. அப்படி ஒரு பொருள் இருக்க முடியும் என்றே தெரியாதபோது எப்படித் தேடுவார்கள்?

சரி, பீங்கான் என்றால் என்ன? வெள்ளை நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். விஷயம் நிறத்தில் இல்லை. மண்ணுக்குள் நெருப்பு என்ன செய்தது என்பதில் இருக்கிறது.

கடலை மிட்டாய் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லப்பாகு உருகிக் கடலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எல்லாம் நிரப்புகிறது. ஆறியதும் மொத்தமும் ஒரே கட்டியாக இறுகுகிறது. கடலை உருகுவதில்லை, அது வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. பாகு குறைந்தால் மிட்டாய் உதிரும். கூடினால் தட்டில் வழிந்து பரவும். பீங்கானும் கிட்டத்தட்ட இதே கதைதான். மண்ணில் சில தாதுக்கள், குறிப்பாக அபிரகமும் ஃபெல்ட்ஸ்பாரும், 1,150 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகிக் கண்ணாடிப் பாகாகின்றன. வெண்களிமண்ணும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் துகள்களும் அந்தச் சூட்டிலும் முழுதாக உருகாமல் எலும்புக்கூடு மாதிரி நிற்கின்றன. வெண்களிமண்ணிலிருந்து முல்லைட் என்ற மிக நுண்ணிய ஊசி வடிவப் படிகங்களும் விளைந்து, பாகுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் துளைகளே இல்லாத ஒரு பொருள் மிஞ்சுகிறது. தண்ணீர் இறங்க வழியில்லை; அதனால்தான் சொட்டு அப்படியே நின்றது. அதிர்வு தடைபடுவதில்லை, அதனால்தான் மணியோசை. உள்ளே நிறையக் கண்ணாடி இருக்கிறது. அதனால்தான் வெளிச்சம் ஊடுருவுகிறது.

இதற்கு இரண்டு தேவை. ஒன்று, 1,250 முதல் 1,400 டிகிரி வரை எட்டும் சூளை. இரண்டு, அந்தச் சூட்டைத் தாங்கும் மண். சாதாரணச் செம்மண் பானையை 1,200 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது கூழ்போல் சரிந்து சூளையின் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதில் இரும்பும் சுண்ணாம்பும் அதிகம். பாகு அளவுக்கு மீறிப்போகும். உலகத்துக் குயவர்கள் பெரும்பாலோர் பானைகளை 600 முதல் 1,000 டிகிரிக்குள் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் கையில் இருந்த மண்ணுக்கு அதற்கு மேல் நெருப்பு ஆகாது.

சீனக் குயவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகத்தான் கிடைத்தன. ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகரான ஆன்யாங்கில், கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைச் சேர்ந்த அழகான வெள்ளை மண்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. வெண்களிமண் வகைதான், வெண்கலப் பாத்திரங்களில் உள்ளதுபோன்ற நுணுக்கமான செதுக்கு வேலை வேறு. ஆனால் சுட்டது சுமார் 1,000 டிகிரியில். மண் இருந்தது, நெருப்புப் போதவில்லை. பார்க்க வெள்ளையாக இருந்தாலும் அவை பீங்கான் அல்ல.

அதே காலத்தில், சொல்லப்போனால் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பிருந்தே, தெற்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

விறகுச் சூளையில் சூடு ஏற ஏற, எரிந்த விறகின் மெல்லிய சாம்பல் காற்றோடு பறந்து பானைகளின் தோளில் படியும். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு. சூளை 1,200 டிகிரியைத் தொட்டால் அந்தச் சாம்பல், பானையின் மேல் மண்ணோடு கலந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். சூளையைத் திறந்து பார்த்தவருக்குப் பானையின் தோளில் மட்டும் பச்சையும் பழுப்புமாகப் பளபளவென்று வழிந்து உறைந்த ஒரு படலம் தெரிந்திருக்கும். முதல் முறை பழுது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர், அல்லது பல ஊர்களில் பலர், அந்தச் சாம்பலையே களிமண்ணோடு கரைத்துச் சுடுவதற்கு முன்பே பானை முழுவதும் பூசிப் பார்த்திருக்கிறார்கள். சாம்பலும் களிமண்ணும் கலந்த கரைசல், அவ்வளவுதான். உயர் வெப்பக் கண்ணாடிப் பூச்சு இப்படித்தான் பிறந்தது. எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் பளபளப்பான பூச்சுகள் உண்டு. ஆனால் அவை குறைந்த சூட்டில் உருகும் வேறு வகை.

இப்படிப் பூசி, 1,200 டிகிரிக்கு அருகில் சுட்ட பாத்திரங்கள் கி.மு. 1600ஐ ஒட்டி ஷாங் காலத்திலேயே வந்துவிட்டன. சீன ஆய்வாளர்கள் இவற்றை ‘மூலப் பீங்கான்’ என்கிறார்கள். நம் ஊறுகாய் ஜாடிக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். செஜியாங் மாகாணத்தின் தெச்சிங் பகுதியில் இதற்கான பழைய சூளைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் அங்கிருந்த யுவே நாட்டுப் பிரபுக்கள் இந்தப் பாத்திரங்களைக் கல்லறைக்கும் கொண்டுபோனார்கள். வூஷி நகருக்கு அருகே ஹொங்ஷானில் தோண்டிய கல்லறைகளில், வெண்கலத்தில் வார்க்க வேண்டிய வாத்திய மணிகளை அப்படியே மண்ணில் செய்து பூச்சுப் பூசி வைத்திருந்தார்கள். வெண்கலம் உயிரோடு இருப்பவர்களுக்கு, மண் செத்தவர்களுக்கு என்ற கணக்கு போலிருக்கிறது.

இவ்வளவு சூடு எப்படி வந்தது? சூளையின் வடிவத்தில்தான் சூட்சுமம். தென்சீனா மலைப்பாங்கான பகுதி. அங்கே குயவர்கள் மலைச்சரிவில் சுரங்கப்பாதை மாதிரி நீளமாகச் சூளை கட்டினார்கள். கீழ் முனையில் நெருப்பு மூட்டினால் சூடான காற்று தானாகவே மேல்நோக்கி ஓடும். முழுச் சூளையும் ஒரு படுத்த புகைபோக்கியாக வேலை செய்யும். துருத்தி ஊத வேண்டியதில்லை. பக்கவாட்டில் விட்ட துளைகள் வழியாக நடுநடுவே விறகு போட்டுக்கொண்டே போகலாம். மலைமேல் படுத்திருக்கும் டிராகன் போல இருந்ததால் ‘லொங்-யாவோ’, டிராகன் சூளை என்று பெயர். முதலில் சில மீட்டர் நீளமே இருந்தது. பின்னாளில் 50 மீட்டரைத் தாண்டிய சூளைகளும் உண்டு. ஒரே சூளையில் ஆயிரக்கணக்கான பாத்திரங்கள் வேகும்.

மூலப் பீங்கானிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின. ஒரு பெரிய பாய்ச்சலும் இல்லை. மண்ணைக் கழுவிக் கழுவிக் கசடு எடுத்தார்கள். சூளையை நீட்டினார்கள். பூச்சைச் சீராக்கினார்கள். கீழை ஹான் காலத்தில், அதாவது கி.பி. 25 முதல் 220 வரையிலான காலத்தில், செஜியாங்கின் ஷாங்யூ பகுதிச் சூளைகளில் ஒரு பச்சைப் பாத்திரம் உருவானது. அந்த ஓடுகளை இன்று ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால், 1,300 டிகிரிக்கு அருகில் வெந்திருப்பது தெரிகிறது. நீர் உறிஞ்சும் அளவு 1 விழுக்காட்டுக்கும் கீழ். பூச்சு உடலோடு இறுகப் பிடித்திருக்கிறது. சுண்டினால் மணியோசை.

ஆகவே பீங்கான் பிறந்துவிட்டது என்கிறார்கள் சீனர்கள். இல்லை, பொறு என்கிறார்கள் ஐரோப்பியர்கள்.

சண்டை வெறும் சொல் பற்றியது. சீன மொழியில் சுட்ட மண்பாண்டங்களுக்கு இரண்டே வகைதான்: ‘தாவ்’, ‘ட்ஸ’. தாவ் என்றால் நம் மண்சட்டி வகை. நன்கு இறுகி, நீர் குடிக்காமல், தட்டினால் ஒலிப்பது ட்ஸ. நிறம் பச்சையானாலும் கவலையில்லை. ஐரோப்பியர் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை வைத்திருக்கிறார்கள்; நம் ஊறுகாய் ஜாடி அதில் விழும். வெள்ளையாகவும் வெளிச்சம் ஊடுருவுவதாகவும் இருந்தால்தான் அவர்களுக்குப் பீங்கான். அதனால் ஒரே ஹான் காலக் கிண்ணத்துக்குச் சீன அருங்காட்சியகத்தில் ஒரு பெயர்ப்பலகை, லண்டனில் வேறு பெயர்ப்பலகை.

என்னைக் கேட்டால் நான் சீனர் பக்கம். வெள்ளையாக வருவது பெரும்பாலும் எந்த ஊர் மண் வாய்த்தது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம். மண்ணை உள்ளே வரை கண்ணாடியாக இறுக வைத்ததுதான் திறமை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனப் பாண்டங்களிலேயே மிக அரியது, 11ஆம் நூற்றாண்டின் கடைசியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த ரூ பாண்டம். உலகம் முழுக்க நூறுக்கும் குறைவாகவே முழுதாக மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு சிறிய தூரிகை கழுவும் கிண்ணம் 2017இல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 3 கோடியே 77 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. மழை ஓய்ந்த வானத்து நீலப்பச்சை நிறம். ஐரோப்பிய இலக்கணப்படி பார்த்தால் அது பீங்கானே இல்லை!

அதிர்ஷ்டம் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வடசீனாவும் தென்சீனாவும் நிலவியல்படி வெவ்வேறு நிலத்தட்டுகள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மோதி ஒட்டிக்கொண்டவை. ஒட்டிய தழும்புதான் ச்சின்லிங் மலைத்தொடர். அதனால் இரு பக்கத்து மண்ணும் வேறு. தெற்கே எரிமலைப் பாறைகள் நைந்து உருவான ‘பீங்கான் கல்’ கிடைக்கிறது. அபிரகமும் குவார்ட்ஸும் நிறைந்த இந்தக் கல்லை இடித்துத் தூளாக்கிக் கரைத்தால் தானாகவே பிசைந்து வனையும் பதத்துக்கு வரும். கடலையும் வெல்லமும் ஏற்கெனவே கலந்து கிடைத்த மாதிரி. ஆனால் ஷாங்யூ பக்கத்து மண்ணில் இரும்பு 2 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. சூளைக்குக் காற்றுக் குறைவாக விட்டுப் புகைய வைத்தால் இரும்பு பச்சை நிறம் தரும்; காற்று தாராளமாக வந்தால் மஞ்சளும் பழுப்புமாகிவிடும். எனவே தெற்கே பச்சை. வடக்கே நிலக்கரிப் படிவங்களை ஒட்டியே வெண்களிமண் கிடைத்தது. இரும்பு மிகக் குறைவு, அதனால் வெள்ளை. ஆனால் பாகாக உருகும் தாதுக்களும் குறைவு, அதனால் இன்னும் அதிகச் சூடு வேண்டும். ‘தெற்கே பச்சை, வடக்கே வெள்ளை’ என்பது தாங் வம்சக் காலத்துப் (618 முதல் 907 வரை) பீங்கான் உலகத்தை நான்கே சீன எழுத்தில் அடக்கிவிடும் வழக்குத்தொடர்.

வடக்கின் வெள்ளை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆன்யாங்கில், கி.பி. 575இல் இறந்த ஃபான் ச்சுய் என்ற தளபதியின் கல்லறையில் வெள்ளைப் பாத்திரங்கள் கிடைத்தன. அவை எல்லாம் உண்மையாகவே உயர் வெப்பத்தில் வெந்தவையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சில பத்தாண்டுகளில், 581 முதல் 618 வரை ஆண்ட சுய் வம்சக் காலத்தில், சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ஹெபெய் மாகாணத்தில் நெய்ச்சியூ, லின்செங் பகுதிகளில் இருந்த ஷிங் சூளைகள் முட்டை ஓடுபோல மெலிந்த, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கோப்பைகளைச் செய்தன. ஐரோப்பியரும் ஒப்புக்கொள்ளும் பீங்கான் இதுதான். அப்புறம் தாங் காலத்தில் ஷிங் வெள்ளை எங்கும் பரவியது. நெய்ச்சியூவின் வெள்ளைப் பாத்திரத்தை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பேதமின்றி நாடெங்கும் பயன்படுத்துகிறார்கள் என்று அக்கால எழுத்தாளர் லி ஜாவ் குறித்து வைத்திருக்கிறார்.

பச்சையா வெள்ளையா என்ற போட்டியில் தேநீரும் நுழைந்தது. 8ஆம் நூற்றாண்டில் தேநீருக்கென்றே தனி நூல் எழுதிய லூ யூ, கிண்ணங்களைத் தரம் பிரித்தபோது தெற்கின் யுவே பச்சைக்கே, அதாவது செஜியாங் சூளைகளின் பச்சைப் பாண்டத்துக்கே, முதலிடம் கொடுத்தார். ஷிங் வெள்ளைதான் உயர்ந்தது என்றவர்களுக்கு அவர் சொன்ன பதில்: ஷிங் வெள்ளி போன்றது என்றால் யுவே பச்சைமணி போன்றது, ஷிங் பனித்தூள் என்றால் யுவே பனிக்கட்டி, வெள்ளைக் கிண்ணத்தில் தேநீர் சிவந்து தெரியும், பச்சைக் கிண்ணத்தில் பச்சையாகத் தெரியும். பச்சைமணி என்பது ஜேட் கல். சீனர்களுக்குத் தங்கத்தைவிட மேலானது. காப்பி டபரா டம்ளரில் குடித்தால்தான் ருசி என்று வாதாடும் நமக்கு லூ யூவின் மனநிலை புரியாமல் போகாது.

யுவே பச்சையிலும் உச்சம் ஒன்று உண்டு: ‘மி-ஸ’, அதாவது ரகசிய நிறம். இலக்கியத்தில் பெயர் மட்டும் இருந்தது. எது அந்தப் பாத்திரம் என்று பல நூறு ஆண்டுகள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 1987இல் ஷான்ஷி மாகாணத்தில் ஃபாமென் கோயிலின் நிலவறை திறக்கப்பட்டபோது விடை கிடைத்தது. 874இல் மூடிய அறை அது. உள்ளே வைத்த பொருள்களின் பட்டியல் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. அதில் ‘ரகசிய நிறப் பீங்கான்’ என்று 13 பாத்திரங்கள் எழுதியிருக்க, அந்தப் பாத்திரங்களும் அங்கேயே இருந்தன. ரகசியம் என்னவென்று பிறகு ஷாங்லின் ஏரிக்கரைச் சூளைகளைத் தோண்டியபோது புரிந்தது. சாம்பலும் புகையும் படாமல் இருக்க, பாத்திரத்தை ஒரு மண்பெட்டிக்குள் வைத்துச் சுடுவது வழக்கமாக இருந்தது. மி-ஸவுக்கு அந்தப் பெட்டியையே பீங்கான் மண்ணில் செய்து, மூடியின் விளிம்பைப் பூச்சாலேயே ஒட்டி, காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறார்கள். சூளையிலிருந்து எடுத்ததும் பெட்டியை உடைத்தால்தான் கிண்ணம் வெளியே வரும். ஒரு கிண்ணத்துக்காக ஒரு பெட்டி காலி. அரண்மனைக்குத்தான் கட்டுப்படியாகும்.

இதற்குள் சரக்கு கடலேறிவிட்டது. பாக்தாதில் கலீபா ஹாரூன் அல்-ரஷீதுக்கு, குராசான் ஆளுநர் அனுப்பிய காணிக்கையில் அரண்மனைத் தரச் சீனப் பீங்கான் 20ம், வேறு பீங்கான் 2,000மும் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் பைஹகி எழுதுகிறார். 851ஐச் சேர்ந்த ஓர் அரபு நூல், சீனர்கள் ஒருவகை மண்ணால் கண்ணாடிபோல் மெல்லிய கிண்ணம் செய்கிறார்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிறது என்று வியக்கிறது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கு அருகே 1998இல் கண்டெடுத்த ஒரு மூழ்கிய கப்பலில் சுமார் 60,000 சீனப் பாத்திரங்கள் இருந்தன. அதில் ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்கு இணையான சீன நாள்குறிப்பு இருக்கிறது. பெரும்பகுதி சாங்ஷா சூளைகளின் மலிவான கிண்ணங்கள். ஷிங் வெள்ளையும் யுவே பச்சையும் சில நூறு. கப்பல் கட்டப்பட்ட முறை அரேபியப் பகுதியைச் சேர்ந்தது. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள்.

அந்தக் கடல்வழி நம் கரையையும் தொட்டுத்தான் போனது. யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் 11, 12ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் 1977இல் மொத்தமாகக் கிடைத்தன. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டு ஓடுகள் நிறைய. ‘பீங்கான்’ என்ற சொல் மட்டும் சீனாவிலிருந்து வரவில்லை. அது கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். சரக்கு ஓரிடத்தது, பெயர் அதை விற்றவருடையது. ஐரோப்பியர் வைத்த ‘போர்சலின்’ இன்னும் விசித்திரம். இத்தாலிய மொழியில் அது சோழியின் பெயர். சோழிபோல் வழவழப்பாகப் பளபளத்ததால் அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

பெயர் மட்டுமா, சரக்கு எதனால் ஆனது என்பதிலும் அவர்களுக்குக் குழப்பம்தான். மண்ணைக் குவித்து 30, 40 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிடுவார்கள் என்றார் மார்க்கோ போலோ. முட்டை ஓடும் சிப்பியும் அரைத்துப் பல பத்தாண்டுகள் புதைத்துவைப்பார்கள் என்றும் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நம்பினார்கள். அவர்களுக்கு முன்பே 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ரா நகரத்துக் குயவர்கள் இன்னும் சாமர்த்தியமாக யோசித்தார்கள். வெண்களிமண்ணும் இல்லை, அவ்வளவு சூடும் இல்லை. எனவே மஞ்சள் மண் கிண்ணத்தின்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளைப் பூச்சைப் போட்டு, பார்வைக்கு ஷிங் வெள்ளைபோல ஆக்கிவிட்டார்கள். சும்மா விடவில்லை, அதன்மேல் கோபால்ட் நீலத்தில் இலையும் பூவும் வரைந்தார்கள். இந்த நீலத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

960இல் தொடங்கிய சொங் வம்சக் காலம்தான் பொற்காலம் என்பார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது; இரண்டு விஷயம் மட்டும். வடக்கின் திங் சூளைகள் விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறின. நிலக்கரிச் சூளையில் காற்றுத் தாராளம், அதனால் வெள்ளை சற்றே தந்த நிறமாக மாறியது. கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டார்கள். இடமும் மிச்சம், வளைவதும் குறைவு. ஆனால் விளிம்பில் பூச்சு இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் துடைத்துவிட வேண்டும். சொரசொரப்பான விளிம்பை மறைக்கச் செம்பு வளையம் மாட்டினார்கள். இன்னொரு பக்கம் ஜியாங்ஷியில், சாங்நான் என்ற ஊரின் இளநீலம் படர்ந்த வெள்ளைப் பாத்திரங்கள் பேரரசர் ஜென்சொங்கின் கண்ணில் பட்டன. 1004இல் தொடங்கிய தன் ‘ஜிங்தே’ ஆட்சிப் பட்டத்தையே அவர் ஊருக்குப் பெயராகக் கொடுத்தார். அதுதான் ஜிங்தேஜென். இன்றைக்கும் சீனப் பீங்கானின் தலைநகரம்.

ஜிங்தேஜென் குயவர்கள் பல நூற்றாண்டுகள் பீங்கான் கல் ஒன்றை மட்டுமே வைத்துச் சமாளித்தார்கள். மென்மையான, அழகான மண். ஆனால் பாகு அதிகம். பெரிய பாத்திரம் செய்தால் சூளையில் தொய்ந்துவிடும். மேலாக இருந்த நல்ல கல்லும் தீரத் தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டில், மங்கோலியரின் யுவான் ஆட்சியில், அந்தக் கல்லோடு வெண்களிமண்ணையும் கலக்கும் வழக்கம் வந்தது. கடலையைக் கூட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூளையை இன்னும் சூடாக்கலாம், பாத்திரத்தை இன்னும் பெரிதாக்கலாம், வெண்மையும் கூடும். ஜிங்தேஜென்னுக்கு அருகில் உள்ள காவோலிங், அதாவது ‘உயர்ந்த மேடு’ என்ற ஊரின் பெயரிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க வெண்களிமண்ணுக்குக் ‘கயோலின்’ என்ற பெயர்.

அந்தக் கலவையின் தத்துவத்தை நன்றாகச் சொன்னவர்கள் ஜிங்தேஜென்காரர்கள்தான். 1712இல் அங்கிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தான்த்ரகோல், ஒரு வியாபாரி சொன்ன கதையைப் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பியர் சிலர் பீங்கான் கல்லை மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பீங்கான் செய்யப் பார்த்துத் தோற்றார்களாம். எலும்பே இல்லாமல் வெறும் சதையை வைத்து உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்று அந்த வியாபாரி சிரித்தாராம். எலும்பு கயோலின், சதை கல். (வியாபாரி சிரித்த காலத்தில் ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இலேயே உற்பத்தி தொடங்கியிருந்தது. செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மற்றபடி, இப்போது கடையில் கிடைக்கும் ‘போன் சைனா’வில் இருப்பது இந்த உவமை எலும்பு அல்ல, நிஜ மாட்டெலும்புச் சாம்பல். அது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வேலை.)

இப்போது பாஸ்ராவின் நீலத்துக்கு வரலாம். தாங் காலத்திலேயே ஹெனானின் குங்ஷியான் சூளைகள் அந்த மேற்குச் சந்தையைக் குறிவைத்து நீலம் தீட்டிய தட்டுகள் சில செய்து பார்த்தன. பெலிதுங் கப்பலில் மூன்று கிடைத்தன. அப்புறம் பல நூற்றாண்டுகள் அந்த வேலையைச் சீனாவில் பெரிதாக யாரும் தொடரவில்லை. யுவான் காலத்தில் ஈரானிலிருந்து கோபால்ட் நிறையவே வரத் தொடங்கியதும் ஜிங்தேஜென் அதைப் பிடித்துக்கொண்டது. கயோலின் சேர்த்த புது வெண்மண் உடல், மேலே தூரிகையில் நீலம், அதற்கும் மேலே தெளிந்த பூச்சு. பாரசீக நிறமும் சீன மண்ணும் சேர்ந்த இந்த நீல-வெள்ளைதான் இன்று ‘சீனப் பீங்கான்’ என்றதும் கண்முன் வருவது.

இதில் நாள் குறிப்பிட்ட மிகப் புகழ்பெற்ற சான்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு ஜோடி உயரமான பூச்சாடிகள். டிராகனும் மேகமும் அலையும் நீலத்தில் சுற்றிச் சுற்றி வரும். கழுத்தில் உள்ள எழுத்துப்படி, ஜாங் வென்ஜின் என்ற பக்தர் தன் குடும்பத்துக்குப் பாதுகாப்பும் பிள்ளைகளுக்கு நலமும் வேண்டி, 1351ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தில் ஒரு கோயிலுக்கு இவற்றைக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார். இரண்டு பூச்சாடிகள், ஒரு தூபக்கிண்ணம் என்று மூன்றாக எழுதியிருக்கிறது. தூபக்கிண்ணம் இதுவரை அகப்படவில்லை.